இணைந்து இசைத்தோரும் பிரிந்து நின்றோரும்

(நம் சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

    

யாம் புலவர் அல்லோம். இசை பயின்றவரும் அல்லோம். பத்தாம் வகுப்போடு பள்ளிப்படிப்பை முடித்து, இரயில்வேயில் எழுத்தராகப் பேரேடு புரட்டிப் பிழைப்பவர் யாம். எனினும் ஆண்டுதோறும் இம்மேடையில் ஒருவர் கால் மணி நேரம் பேச வேண்டும் என்பது நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு அப்பொறுப்பு எம் தலையில் வந்து விழுந்தது. என்ன பேசுவது என்று பல நாள் எண்ணினோம். இறுதியில், நாம் எல்லோரும் அறிந்த இருவரைப் பற்றிப் பேசுவது என்று துணிந்தோம். அவர்கள் மெல்லிசை மன்னர்கள் விசுவநாதனும் இராமமூர்த்தியும். அவர்கள் எவ்வாறு இணைந்தார்கள், எவ்வாறு உயர்ந்தார்கள், எவ்வாறு பிரிந்தார்கள் என்பதே எம் பொருள். இப்பொருளை ஏன் எடுத்துக்கொண்டோம் என்பதை உரையின் முடிவில் கூறுவோம். உங்களில் பலர் இப்பொழுதே ஊகித்திருப்பீர்கள்.

சற்று முன் நாம் எல்லோரும் எழுந்து நின்று தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடினோம். பாட்டு மனோன்மணியம் சுந்தரம் பிள்ளை இயற்றியது. 1970-ஆம் ஆண்டில் தமிழக அரசு அதனை அரசு விழாக்களில் பாடுவதற்கு ஏற்றுக்கொண்டது. மோகன இராகத்தில் அதற்கு மெட்டமைத்தவர் எம். எஸ். விசுவநாதன். ஆகவே, இங்கே விழா தொடங்கும்போதே அவருடைய இசை தொடங்கிவிட்டது. ஆனால் அந்த மெட்டு பிறந்த நாளில் அவர் அருகில் இராமமூர்த்தி இல்லை. இருவரும் பிரிந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

அன்பர்களே! இவ்விருவரும் எங்கெங்கோ பிறந்தவர்கள். திருச்சிராப்பள்ளி கிருஷ்ணசாமி இராமமூர்த்தி 1922-இல் பிறந்தவர். பரம்பரை பரம்பரையாக வயலின் வாசித்த குடும்பம். மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை என்னும் பெரும் வித்துவானின் பேரர். வில் பிடிக்கும் கை அவருக்குப் பிறப்பிலேயே வாய்த்தது. விசுவநாதனோ 1928-இல் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தார். கண்ணூரில் பாட்டனார் வீட்டில் வளர்ந்து, நீலகண்ட பாகவதரிடம் இசை கற்றார். பின்னர்ப் பிழைப்புத் தேடி வந்து, படக்கம்பெனியில் எடுபிடி வேலை செய்த பையன் அவர். ஒருவருக்குக் குலச்செல்வம், மற்றவருக்கு வறுமை தந்த பசி. இவ்விரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. அந்த இடம் இசையமைப்பாளர் சி. ஆர். சுப்புராமனின் இசைக்குழு.

சுப்புராமன் 1952-இல் இருபத்தெட்டே வயதில் காலமானார். தேவதாஸ், சண்டிராணி முதலிய படங்களின் வேலை பாதியில் நின்றது. தலைவன் இறந்துவிட்டான், ஒப்புக்கொண்ட வேலை கிடக்கிறது, கூலிக்கு வாசிக்கும் கலைஞர்களின் வீட்டில் அடுப்பெரிய வேண்டும். அந்நிலையில் எஞ்சிய பணியை இவ்விருவரும் தோள் கொடுத்து முடித்தனர். அவர்கள் கூட்டு ஒரு விருந்து மண்டபத்தில் பிறக்கவில்லை. துக்க வீட்டில் பிறந்தது. இதனை மறவாதீர்கள்.

அவ்வாண்டிலேயே கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 'பணம்' என்னும் படத்தை இயக்கினார். அதற்கு இசையமைக்க இருவரையும் அழைத்து, இந்தியில் சங்கர் - ஜெய்கிஷன் இருப்பதுபோல நீங்களும் இரட்டையராய் இருங்கள் என்று ஊக்கினார் என்பர். அப்பொழுது ஒரு சிக்கல் எழுந்தது. யார் பெயரை முன்னே போடுவது? இராமமூர்த்தி ஆறு வயது மூத்தவர். முறைப்படி அவர் பெயரன்றோ முதலில் வரவேண்டும்? கலைவாணர் அதற்கு ஒரு வழி கண்டார். விசுவநாதன் இளையவன், முன்னே நடக்கட்டும். அவன் தடுமாறினால் பின்னே நிற்கும் மூத்தவர் தாங்கிப் பிடித்துக்கொள்வார் என்னும் கருத்துப்படக் கூறினாராம். இராமமூர்த்தி இசைந்தார். விசுவநாதன் - இராமமூர்த்தி என்னும் பெயர் திரையில் ஏறியது.

இச்செய்தியை முதன்முதல் கேட்டபொழுது எமக்கு எம் தொழிலே நினைவுக்கு வந்தது. ஊருக்குப் போகப் புனே வழியாகச் செல்லும் வண்டியில் ஏறியவர்கள் நீங்கள் அனைவரும். கர்ஜத் நிலையத்தில் வண்டி சற்று நேரம் நிற்கும். பிள்ளைகள் வடாபாவ் கேட்டு அடம் பிடிப்பார்கள். அந்த நேரத்தில் வண்டியின் வாலில் எஞ்சின்களைக் கொண்டுவந்து பூட்டுவார்கள். எங்கள் வழக்கில் அவற்றுக்குப் பேங்கர் என்று பெயர். முன்னே இருக்கும் எஞ்சின் இழுக்கும். பின்னே இருப்பவை தள்ளும். இல்லையேல் அந்தக் கனத்த வண்டி போர்காட் மலை ஏறாது. லோனாவளாவில் அவற்றைக் கழற்றிவிடுவார்கள். வண்டியின் பெயர்ப்பலகையில் பின்னால் தள்ளிய எஞ்சினுக்கு இடமில்லை. பயணிகள் அதனைப் பார்ப்பதுமில்லை. ஆனால் வண்டியை நடத்தும் இரயில்வேக்காரனுக்குத் தெரியும், அது இல்லாமல் மலை ஏறவில்லை என்பது.

இருவரும் ஏறிய மலை எத்தகையது என்பதையும் சிறிது பார்ப்போம். அதுவரை தமிழ்த் திரைப்பாட்டு பெரும்பாலும் கருநாடக இசையின் நிழலில் நின்றது. இவர்கள் அந்த அடித்தளத்தை விடாமல், அதன்மேல் மெல்லிசை என்னும் புதிய மாடத்தை எழுப்பினார்கள். பியானோவும் அக்கார்டியனும் பாங்கோவும் தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தன. கண்ணதாசனின் வரிகளை அடுப்படியில் நிற்கும் பெண்ணும் முணுமுணுக்கும்படி செய்தார்கள். டி. எம். சௌந்தரராசன், சீர்காழி கோவிந்தராசன், பி. பி. சீனிவாசு, பி. சுசீலா, எல். ஆர். ஈசுவரி என ஒவ்வொரு குரலுக்கும் ஏற்ற இடத்தை அறிந்து வைத்தார்கள். பாகப்பிரிவினை 1959, பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும் ஆகிய மூன்றும் 1961, நெஞ்சில் ஓர் ஆலயம் 1962. இப்பெயர்களைக் கூறும்போதே உங்கள் காதில் பாட்டுக் கேட்கிறதா இல்லையா?

1964 என்னும் ஒரே ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கர்ணன் படத்திற்கு வடநாட்டுச் செனாயும் சாரங்கியும் ஒலித்தன. காதலிக்க நேரமில்லை படத்தில் மேனாட்டு இசை துள்ளியது. படகோட்டியில் வாலியின் பாட்டுக்கு மீனவர் வாழ்வு இசையாயிற்று. புதிய பறவைக்குப் பெரும் வாத்தியக் கூட்டமே திரண்டது. சர்வர் சுந்தரத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தையே காட்சியாக்கி, விசுவநாதன் இசைக்குழுவை நடத்துவதைத் திரையில் காட்டினார்கள். ஒரே ஆண்டில் இத்தனை முகங்கள்!

இதில் யார் பங்கு எவ்வளவு? மெட்டு விசுவநாதனுடையது, வாத்தியங்களைச் சேர்த்துக் கோத்தது இராமமூர்த்தி என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆர்மோனியத்தின் முன் அமர்ந்தால் ஊற்றெடுப்பது ஒருவர். அந்த நீரை வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சுவது மற்றவர் என்பது அதன் பொருள். ஆனால் பாயசத்தில் இனிப்பு வெல்லத்தினுடையதா பாலினுடையதா என்று உண்டவன் பிரித்துச் சொல்ல இயலுமா? 1963-இல் சென்னையில் நடந்த பாராட்டு விழாவில் நடிகர் திலகம் சிவாசி கணேசன் கையால் 'மெல்லிசை மன்னர்கள்' என்னும் பட்டம் இருவருக்கும் கிடைத்தது. பட்டத்தின் விகுதியைக் கவனியுங்கள். மன்னர்கள்! இரண்டு பேருக்கு ஒரே முடி.

அந்த முடி நெடுங்காலம் நிலைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். 1965 தொடக்கத்தில் எங்க வீட்டுப் பிள்ளை, பின்னர் வெண்ணிற ஆடை, ஆண்டின் நடுவில் பந்துலுவின் ஆயிரத்தில் ஒருவன். பிரிவுக்கு முன் இருவர் பெயரும் சேர்ந்து வந்த இறுதிப் படம் அதுவே. பதின்மூன்று ஆண்டுக் கூட்டு முடிந்தது.

ஏன் பிரிந்தார்கள்? இக்கேள்வியை எழுப்பாத தமிழர் இல்லை. எம் தந்தையார் தாராவியில் குடியிருந்த காலத்தில், மாட்டுங்கா அரோரா அரங்கில் தமிழ்ப்படம் பார்த்துவிட்டு நடந்தே வீடு திரும்பும்போது நண்பர்களோடு இதைத்தான் வாதாடுவாராம். ஒருவர் பெயர் முன்னே இருந்ததால் என்பார் ஒருவர். இடையில் இருந்தவர்கள் மூட்டிய தீ என்பார் மற்றொருவர். ஆளுக்கொரு காரணம் உண்டு. அக்காரணங்களை யாம் இம்மேடையில் அடுக்கப் போவதில்லை. எமக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. அவ்விருவரும் மேடைக்கு மேடை ஏறி ஒருவரை ஒருவர் ஏசவில்லை. இந்தப் பாட்டு என்னுடையது, அந்தப் பாட்டு அவனுடையதன்று என்று பாகப்பிரிவினை செய்யவில்லை. ஆகவேதான் அப்பாட்டுகளை இன்றும் நாம் கசப்பின்றிக் கேட்கிறோம்.

பிரிந்தபின் விசுவநாதன் அன்பே வா முதலிய நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசையமைத்தார். இராமமூர்த்தி சாது மிரண்டால், தேன் மழை, நான், மூன்றெழுத்து, தங்கச் சுரங்கம் எனச் சில படங்களோடு நின்றார். அவற்றிலும் நல்ல பாட்டுகள் உண்டு. எனினும் உலகம் முன்னே இருந்த பெயரையே தொடர்ந்து கூப்பிட்டது. பின்னிருந்து தள்ளிய எஞ்சினை லோனாவளாவில் மறந்தாற்போல மறந்தது. இதுவும் உண்மை. இதனை மறைத்துப் பேசுவது முறையன்று.

நாம் வாழும் இந்தப் பம்பாய் நகரத்தையும் நோக்குவோம். கலைவாணர் எடுத்துக்காட்டிய சங்கர் - ஜெய்கிஷன் இங்கேதான் இருந்தார்கள். 1949-இல் இராச்கபூரின் பர்சாத் படத்தில் தோன்றிய கூட்டு அது. அவர்களிடையிலும் பிளவு வந்தது. ஆனால் பெயரை அவர்கள் பிரிக்கவில்லை. தனித்தனியே மெட்டமைத்து, இருவர் பெயரிலுமே வெளியிட்டார்கள். 1971-இல் ஜெய்கிஷன் மறைந்தார். அதன்பின் தாம் மறையும் வரை, பதினாறு ஆண்டுகள், சங்கர் தனித்துச் செய்த வேலைக்கும் இருவர் பெயரையே இட்டார். இலட்சுமிகாந்த் - பியாரேலால் இருவரோ 1963-இல் பாரஸ்மணி தொடங்கி, 1998-இல் இலட்சுமிகாந்த் மறையும் வரை பிரியவே இல்லை. ஆக, ஒரே தொழிலில் மூன்று வழிகளைக் கண்டோம். பெயரும் ஆளும் பிரிந்தவர்கள், ஆள் பிரிந்தும் பெயர் பிரியாதவர்கள், இரண்டும் பிரியாதவர்கள்.

நான்காவதாகவும் ஒரு வழி உண்டு. எம் அண்டை வீட்டுப் பிள்ளை கனடா நாட்டில் பணி புரிகிறான். விடுமுறையில் வந்திருந்தபோது இவ்வுரையைப் பற்றிச் சொன்னோம். 'எங்கள் ஊரிலும் இப்படி ஒரு கதை உண்டு' என்று அவன் 'தி பேண்ட்' என்னும் இராக் இசைக்குழுவின் வரலாற்றைச் சொன்னான். ஐவர் குழு. நால்வர் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தார். தாளக்காரரான லீவான் ஹெல்ம் ஒருவர் மட்டும் அமெரிக்கர். பிறருக்குப் பக்கவாத்தியம் வாசித்து வளர்ந்தவர்கள், 1968-இல் தம் முதல் இசைத்தட்டால் உலகப் புகழ் பெற்றார்கள். 1976 நவம்பர் 25-ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகரில் பெரிய விடைபெறும் கச்சேரி நடத்தினார்கள். அது திரைப்படமாகவும் வந்தது. ஆனால் விடைபெற்றபின் மனக்கசப்பு முற்றியது. பாட்டுகளை இயற்றியவர் என்று பெரும்பாலும் இராபி இராபர்ட்சன் பெயரே பதிவாகியிருந்தது. எல்லோரும் சேர்ந்து உருவாக்கியதற்கு ஒருவர் மட்டும் உரிமை கொண்டார் என்று லீவான் ஹெல்ம் 1993-இல் நூலே எழுதினார். 2012-இல் அவர் மருத்துவமனையில் இறுதி நாள்களில் கிடந்தபோது, இராபர்ட்சன் சென்று அருகில் அமர்ந்திருந்தார். இன்று அந்த ஐவரும் உயிரோடு இல்லை. 2025 சனவரியில் கடைசி மனிதரும் மறைந்தார்.

கேட்டீர்களா? கடல் கடந்த நாட்டில், நமக்குத் தெரியாத மொழியில், நமக்குப் பழகாத இசையில் நடந்த சண்டையும் எதைப் பற்றியது? காகிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பற்றியது! பணத்தைக் காட்டிலும் பெயரே மனிதனை மிகுதியாகச் சுடுகிறது.

நம்மவர் கதைக்குத் திரும்புவோம். முப்பது ஆண்டுகள் கழித்து, 1995-இல் 'எங்கிருந்தோ வந்தான்' என்னும் படத்தில் விசுவநாதனும் இராமமூர்த்தியும் மீண்டும் சேர்ந்து இசையமைத்தார்கள். அப்பொழுது யாம் பள்ளிச் சிறுவர். எம் தந்தையார் அப்படத்தின் கேசட்டை வாங்கிவந்தார். உறையின்மேல் இரு பெயரும் சேர்ந்திருப்பதை எமக்கு விரலால் தொட்டுக் காட்டினார். பாட்டைவிட அந்த எழுத்தையே அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. காலம் மாறிவிட்டது, 1964-ஐத் திரும்பக் கொண்டுவர எவராலும் இயலவில்லை. ஆயினும் சேர்ந்தார்களே, அதுவே பெரிது!

2012-இல் சென்னையில் நடந்த விழாவில் அந்நாளைய முதலமைச்சர் செயலலிதா இருவருக்கும் 'திரை இசைச் சக்கரவர்த்தி' என்னும் பட்டமும், ஆளுக்கு 60 பொற்காசுகளும், ஒரு காரும் வழங்கினார். வெண்ணிற ஆடையில் இவர்கள் இசையோடு தமிழ்த்திரைக்கு வந்தவர் அவர். பிரிவுக்கு முன் இவர்களின் கடைசிப் படமான ஆயிரத்தில் ஒருவனில் கதாநாயகியும் அவரே. அன்று மேடையில் முன் பெயர், பின் பெயர் என்று இல்லை, பரிசு சரிசமம். மறு ஆண்டு ஏப்ரலில் இராமமூர்த்தி மறைந்தார். 2015 சூலையில் விசுவநாதனும் மறைந்தார்.

பெருமக்களே! இனி, இப்பொருளை ஏன் எடுத்துக்கொண்டோம் என்று கூற வேண்டிய இடத்திற்கு வந்துவிட்டோம்.

நம் சங்கத்து மேடையிலும் இருவர் இருந்தார்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் கீபோர்டு வாசிப்பவர். மற்றவர் தபேலாவும் டோலக்கும் வாசிப்பவர். ஒருவர் துர்பே சந்தையில் மூட்டைக் கணக்கு எழுதுகிறார். மற்றவர் தொழிற்பேட்டையில் பிட்டர். பகலெல்லாம் உழைத்துவிட்டு, இரவில் மாடிப்படியின் கீழே அமர்ந்து ஒத்திகை பார்த்தார்கள். பதினோர் ஆண்டுகள் நம் பொங்கல் விழாவும் ஆண்டுவிழாவும் அவர்களாலேயே நிறைந்தன. செம்பூரிலும் தாராவியிலும் கலியாண வீடுகளுக்கு அழைத்தார்கள். நம் பிள்ளைகளில் பாதிப்பேர் மேடையேறிப் பாடக் கற்றது அவர்களிடம். தமிழ் எழுதத் தெரியாத பிள்ளையும் அவர்களால் தமிழ்ப்பாட்டை மனப்பாடம் செய்தது.

சென்ற ஆண்டு விழாவோடு அக்கூட்டு முறிந்தது. இவ்வாண்டு மெல்லிசை நிகழ்ச்சி இல்லை. ஒலிப்பெட்டியில் பாட்டுப் போடுகிறோம். அதனினும் கொடிது, குடியிருப்பே இரு கட்சியாய் நிற்கிறது. ஒருவர் வீட்டு வளைகாப்புக்கு மற்றவர் பக்கத்தார் போவதில்லை.

காரணம் ஆயிரம் சொல்லப்படுகிறது. ஒரு காரணம் எமக்கு உறுதியாகத் தெரியும். ஏனெனில் அதனைச் செய்தவர் யாமே. சென்ற ஆண்டு விழா அறிக்கையை எழுதி அச்சகத்திற்குக் கொடுத்தவர் யாம். முந்தைய ஆண்டுகளில் இரு பெயரும் இருந்தன. சென்ற ஆண்டு விளம்பரம் ஒன்று கூடுதலாக வந்தமையால் இடம் குறைந்தது. ஒரு பெயரை மட்டும் போட்டு, 'குழுவினர்' என்று முடித்துவிட்டோம். தபேலாக்காரரின் பெயர் விழுந்தது. அறிக்கையைக் கையில் வாங்கியவர் எம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்றிரவு வாசித்தார். மறுநாள் முதல் வரவில்லை. பின்னர் அவர் சொன்னதை இவரிடமும் இவர் சொன்னதை அவரிடமும் கொண்டுசேர்க்கப் பலர் முன்வந்தார்கள். சமாதானம் செய்வதாக எண்ணிக்கொண்டு யாமும் இருமுறை அவ்வாறு போனோம். ஒவ்வொரு முறையும் புண் பெரிதாயிற்று. பிழை எம்முடையது என்று சொல்லும் துணிவு மட்டும் எமக்கு ஓராண்டாக வரவில்லை.

இன்று சொல்கிறோம். இவ்வவையின் நடுவே நின்று, அந்த நண்பரிடம் மன்னிப்புக் கேட்கிறோம். கீபோர்டு வாசிப்பவருக்கு அந்த அச்சுப் பிழையில் எள்ளளவும் பங்கில்லை என்பதையும் அறிவிக்கிறோம். அவர் அறிக்கையைக் கண்டதே விழா நாளன்றுதான். இருவரும் இம்மண்டபத்தில் இருக்கிறார்கள். ஒருவர் மூன்றாம் வரிசையில், ஒருவர் கதவருகில்.

அவ்விருவரையும் யாம் கட்டாயப்படுத்தவில்லை. சேர்ந்து வாசித்தே தீரவேண்டும் என்று எவரும் எவரையும் ஆணையிட முடியாது. மெல்லிசை மன்னர்களும் பிரிந்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. ஆனால் அவர்கள் மீண்டும் சேர முப்பது ஆண்டுகள் ஆயின. சேர்ந்தபோது முதுமை வந்திருந்தது. நம்மவர்க்கு இன்னும் கை நடுங்கவில்லை, விரல் விறைக்கவில்லை. அவர்கள் முப்பது ஆண்டு காத்திருக்க வேண்டுமா என்பதே எம் வினா.

மற்றவர்களாகிய நமக்கும் ஒரு வேண்டுகோள். அவர்கள் சேர்ந்தாலும் பிரிந்தாலும், இடையில் நின்று தூது போவதை நிறுத்துவோம். வளைகாப்புக்கும் பூப்புனித நீராட்டுக்கும் இரு வீட்டாரும் இரு வீட்டிற்கும் போவோம். பிரிந்த இருவர் தம் வாயைக் காத்துக்கொண்டாலும், ஊர் வாய் காக்காவிட்டால் பாட்டில் கசப்பு ஏறிவிடும்.

இறுதியாக ஒரு வாக்குறுதி. வரும் பொங்கல் விழா அறிக்கையை எழுதும் பொறுப்பைச் சங்கம் மீண்டும் எம்மிடமே தந்திருக்கிறது. அவர்கள் வாசிக்க இசைந்தால், இருவர் பெயரும் ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில் வரும். யார் பெயர் முன்னே என்பதை அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும். இடம் போதாவிட்டால், அறிக்கையின் அடியில் வழக்கமாய் அச்சாகும் எம் பெயரை எடுத்துவிடுவோம்.